ஸ்லோ குக்கரில் இத்தாலியக் கச்சத்தோரா கோழி: குழம்பு நீர்த்துவிடுகிறது, இறைச்சி வறண்டுவிடுகிறது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்களோடு வசிக்கும் என் தந்தைக்கு 68 வயது. அவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் உப்பையும் கொழுப்பையும் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். நானும் கணவரும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் மாலை ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புகிறோம். அதன் பிறகு அடுப்பருகே நிற்க உடம்பில் தெம்பு இருப்பதில்லை என்பதால், மெல்லிய சூட்டில் பல மணி நேரம் தானே வேகவைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கர் ஒன்றை, ஐந்து லிட்டர் கொள்ளளவில் வாங்கினோம்.

அதில் முதலில் செய்தது இத்தாலியரின் கச்சத்தோரா கோழி. எலும்பில்லாத மார்புத் துண்டுகள் ஒரு கிலோ, ஒரு டின் தக்காளி, வதக்காத வெங்காயத் துண்டுகள், குடைமிளகாய், காளான், ஒரு கிண்ணம் ஆலிவ் காய்கள், இரண்டு ஸ்டாக் கட்டிகள் (சூப்புச் சுவைக்காகக் கரைக்கும் உப்புக் கட்டிகள்) கரைத்த இரண்டு கோப்பைத் தண்ணீர் ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, ‘லோ’ நிலையில் எட்டு மணி நேரம் விட்டுவிட்டுச் சென்றேன். மாலையில் மூடியைத் திறந்தபோது குழம்பு ரசம் போல ஓடியது. தக்காளியின் பச்சை வாசனை போகவே இல்லை. இறைச்சியோ தேங்காய் நார் போலப் பிரிந்து, வாயில் சக்கையாக நின்றது. அப்பா ஒரு சொல்லும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

உப்பும் எண்ணெயும் குறைவாக இருக்க வேண்டும், அதே சமயம் அவர் விரும்பிச் சாப்பிடும்படியும் இருக்க வேண்டும். எங்கே தவறினேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1

சகோதரிக்கு வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஸ்லோ குக்கரில் சமைத்துவருகிறேன். நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் முதல் ஆண்டில் எனக்கும் நேர்ந்தவைதான். மூன்றுக்கும் வேர், அந்தப் பாத்திரத்தின் இயல்பை அறியாமல் அடுப்புச் சமையலின் கணக்கை அப்படியே அதில் போடுவதுதான்.

திறந்த சட்டியில் குழம்பு கொதிக்கும்போது நீர் ஆவியாகி வெளியேறுகிறது, குழம்பு சுண்டுகிறது, எண்ணெய் பிரிந்து மேலே வருகிறது. ஸ்லோ குக்கரில் ஆவி மூடியில் பட்டு நீராகி மீண்டும் உள்ளேயே விழுகிறது. போதாததற்குக் கோழி, காளான், குடைமிளகாய் மூன்றும் தம் நீரை விடுகின்றன. ஆகவே அதில் இரண்டு கோப்பைத் தண்ணீர் சேர்த்த அன்றே குழம்பு கெட்டுவிட்டது என்று கொள்ளுங்கள். இந்த உணவுக்குத் தண்ணீரும் வேண்டாம், ஸ்டாக்கும் வேண்டாம். கோழி விடும் சாறே போதும்.

பச்சை வாசனைக்கு வருவோம். நம் வீடுகளில் வெங்காயமும் தக்காளியும் வதங்காமல் எந்தக் குழம்பையும் கூட்டுவதில்லை. இத்தாலியரும் அப்படித்தான். வெங்காயம், கேரட், செலரித் தண்டு மூன்றையும் பொடியாக நறுக்கி, ஆலிவ் எண்ணெயில் மெல்லிய தீயில் வதக்குவதை அவர்கள் ‘சொஃப்ரித்தோ’ என்பார்கள். அதற்குப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். பிறகு நான்கு பல் பூண்டும் இரண்டு மேசைக்கரண்டித் தக்காளி பேஸ்ட்டும் சேர்த்து, பேஸ்ட் செங்கல் நிறத்துக்கு மாறும்வரை கிளறுங்கள். உப்பைக் குறைக்க வேண்டியவர்களுக்கு இந்த இடம்தான் உயிர்நிலை, ஏனென்றால் ஸ்டாக் கட்டி தரும் அந்த அடர்ந்த சுவையில் பெரும்பங்கு, வறுபட்ட தக்காளி பேஸ்ட்டிலிருந்தே கிடைத்துவிடும். அதன் மேல் இரண்டு மேசைக்கரண்டி வைன் வினிகர் விட்டு, அடியில் ஒட்டியதைச் சுரண்டி, உப்புச் சேர்க்காத 400 கிராம் டின் தக்காளியை மசித்து ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். வினிகருக்குப் பதிலாக வைன் சேர்ப்பவர்கள் அதை இந்த வாணலியிலேயே நன்றாகச் சுண்டவிட வேண்டும். மூடிய குக்கருக்குள் அது சுண்டாமல் துவர்த்துப் போகும்.

மார்புத் துண்டு நார் போனதற்குக் காரணம் நேரம். மார்பில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசு மிகக் குறைவு. வெந்த பிறகு அதிகமாகும் ஒவ்வொரு நிமிடமும் அது சாற்றை இழக்கிறது. தொடையில் அந்தத் திசு அதிகம், நீண்ட நேர வெப்பத்தில் அது ஜெலட்டினாக இளகி இறைச்சியை வழவழப்பாக வைக்கிறது. ‘தொடையில் கொழுப்பு அதிகமாயிற்றே’ என்று தயங்க வேண்டாம். தோலையும் ஓரங்களில் தொங்கும் மஞ்சள் கொழுப்பையும் நீக்கிவிட்டால் பெரும்பகுதி போய்விடும், மிச்சம் குழம்பின் மேல் மிதக்கும்போது கரண்டியால் எடுத்துவிடலாம். எலும்போடு கூடிய தோலுரித்த தொடைகள் ஒரு கிலோ வாங்கி ‘லோ’ நிலையில் ஐந்து மணி நேரம் வையுங்கள். மார்புதான் வேண்டும் என்றால் முழுத் துண்டாகப் போட்டு, இரண்டரை மணி நேரத்திலிருந்தே வெந்துவிட்டதா என்று பார்க்கத் தொடங்குங்கள்.

காளானைத் தனியாக வதக்கி நீர் வற்றிய பிறகு சேருங்கள். குடைமிளகாயைக் கடைசி ஒரு மணி நேரத்தில் போடுங்கள், முதலிலேயே போட்டால் கரைந்து கசக்கும். இறுதியில் கோழியைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, குழம்பை அகலமான வாணலியில் எட்டு நிமிடம் சுண்டவைத்து மீண்டும் அதன் மேல் ஊற்றுங்கள். இந்த எட்டு நிமிடத்தைச் சோம்பி விட்டுவிடாதீர்கள். இதைத் தவிர்த்த நாட்களில் எனக்கு ஒருபோதும் நல்ல குழம்பு அமைந்ததில்லை.

காலையில் நேரமில்லை என்றால், முந்தின இரவே கோழியையும் லேசாகச் சிவக்க வறுத்து, எல்லாவற்றையும் பாத்திரத்தோடு குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

பதில் 2

பலெர்மோ நகரத்தில் பல ஆண்டுகளாக வாழும் ஈழத்தமிழன் நான். இங்கே நம்மவர்கள் பலர் இத்தாலியர் வீடுகளில் வேலை செய்து வாழ்பவர்கள், நானும் ஒரு குடும்பத்தின் அடுக்களையில்தான் இந்தச் சமையலைக் கற்றேன். அதனால் இந்த உணவின் இயல்பைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

‘கச்சத்தோரே’ என்றால் வேட்டைக்காரர். ‘அல்லா கச்சத்தோரா’ என்பது வேட்டைக்காரர் முறையில் சமைத்தது என்று பொருள்படும். இதற்கு ஒரே செய்முறை கிடையாது. தொஸ்கானாப் பகுதியில் தக்காளி சேர்ப்பார்கள். உரோமாபுரியைச் சூழ்ந்த இலாட்சியோப் பகுதியிலோ தக்காளியே இல்லாமல் பூண்டு, ரோஸ்மேரி, வினிகர், நெத்திலி போன்ற உப்பிட்ட சிறு மீன் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் முறை உண்டு. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்தது என்பதை நினைத்தால், தக்காளியில்லாத முறையைக் குறையுடையது என்று யாரும் சொல்ல முடியாது. குடைமிளகாயோடு கோழியைச் சமைப்பது உரோமரின் வேறோர் உணவு. ஆகஸ்ட் 15ஆம் நாள் ஃபெரகோஸ்தோ விடுமுறைக்கு அதைச் செய்வது அவர்களுடைய வழக்கம்.

உங்கள் தந்தைக்காக நான் சொல்ல விரும்புவது மூலிகைகளைப் பற்றியே. கடைகளில் ‘இத்தாலியன் சீஸனிங்’ என்று விற்கும் கலவைப் பொடியை நான் பழகிய வீடுகளில் கண்டதில்லை. சில கலவைகளில் உப்பும் இருக்கும், ஆகவே உறையைப் படித்துப் பாருங்கள். ஒரு சிறு கொத்து ரோஸ்மேரி, நான்கு சேஜ் இலைகள், ஒரு பே இலை போதும். ரோஸ்மேரியை ஐந்து மணி நேரமும் உள்ளே விட்டால் தைலம் போல மணக்கத் தொடங்கும். அதனால் நூலில் கட்டிப் போட்டு, பாதி நேரத்தில் வெளியே எடுத்துவிடுங்கள். பார்ஸ்லித் தழையை இறக்கும்போது தூவினால்தான் பச்சை மணம் நிற்கும்.

ஆலிவும் கேப்பர்ஸ் என்னும் உப்பிட்ட பூமொட்டுகளும் சேர்ப்பதானால், தண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசுங்கள். நான் வேலை செய்த வீட்டில் முதிய பெண்மணி ஒருவர் இருந்தார். அவருக்கும் உப்பு ஆகாது. அவருக்காக இறக்கும்போது அரைக் கரண்டி வினிகரும் எலுமிச்சைத் தோல் துருவலும் சேர்ப்போம். உப்பு குறைவு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வடக்கே இதைச் சோள மாவுக் களியான பொலெந்தாவோடு உண்பார்கள். நம் அப்பாமாருக்குக் களி புதிதல்லவே, ஒருமுறை செய்து கொடுத்துப் பாருங்கள்.

பதில் 3

மருத்துவமனைச் சமையற்கூடம் ஒன்றில் உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் பணியில் இருக்கிறேன். முதல் பதில் மிகச் சிறந்தது என்றாலும், அதன் கடைசிப் பத்தியை மட்டும் பின்பற்ற வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோழியைப் பாதி வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் சமைப்பது தவறு. மேற்புறம் சிவந்தாலும் உள்ளே கிருமிகள் சாவதில்லை. 4 பாகைக்கும் 60 பாகை செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் அவை விரைந்து பெருகும். குளிர்ந்த நிலையிலிருந்து சூடேற நெடுநேரம் எடுத்துக்கொள்ளும் ஸ்லோ குக்கரில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். குக்கரின் பீங்கான் பாத்திரத்தைக் குளிர்பெட்டியில் வைப்பதும் நல்லதல்ல, ஏனெனில் அது சூடாகத் தாமதமாகும், திடீர் வெப்ப மாற்றத்தில் விரிசலும் விடலாம். வறுத்தால் உடனே குக்கரில் போடுங்கள், இல்லையென்றால் வறுக்காமலே விடுங்கள். தக்காளிக் கூட்டை மட்டும் இரவே செய்து, பச்சைக் கோழியைத் தனிப் பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் கூட்டைக் கொதிக்கவைத்து, சூடாகவே கோழியின் மேல் ஊற்றித் தொடங்குங்கள்.

உறைந்த கோழியை ஒருபோதும் நேராகப் போடாதீர்கள். டைமர் வைத்து, பச்சைக் கோழி பல மணி நேரம் அறை வெப்பத்தில் காத்திருக்கும்படியும் செய்யாதீர்கள். வெந்ததற்கு அடையாளம், எலும்பைத் தொடாமல் தடித்த பகுதியில் குத்திய வெப்பமானி 74 பாகை காட்டுவதுதான். இடையிடையே மூடியைத் திறந்தால் சேர்ந்த சூடு வெளியேறிவிடும், இழந்ததை மீட்க இருபது நிமிடமாவது ஆகும். வெள்ளைப் பீன்ஸ் சேர்க்க விரும்பினால் டின்னில் வரும் வெந்த பீன்ஸை அலசிப் போடுங்கள். பச்சை இராஜ்மாவிலும் அதன் இனத்தைச் சேர்ந்த வெள்ளைப் பீன்ஸிலும் உள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள், ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் முற்றிலும் அழியாது.

உப்பைப் பற்றி ஒரு கணக்கு. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்து கிராம் எடையுள்ள சாதாரண ஸ்டாக் கட்டியில் ஏறத்தாழப் பாதி உப்புதான். நீங்கள் இரண்டு கட்டிகள் போட்டதால், ஐந்து பேருக்குப் பகிர்ந்தாலும் தலைக்கு இரண்டு கிராம் அதிலிருந்தே வந்துவிடுகிறது, ஆலிவின் உப்பு வேறு. ஸ்டாக் கட்டியை விட்டுவிட்டு, ஒரு கிலோ கோழிக்கு அரைத் தேக்கரண்டி உப்பு மட்டும் போட்டால், தலைக்கு அரைக் கிராமுக்குச் சற்று மேலே நிற்கும். சீஸ் தூவ விரும்புபவர்கள் தத்தம் தட்டில் தூவிக்கொள்ளட்டும்.

பதில் 1 எழுதியவர்

நீங்கள் திருத்தியது சரி. குளிர்காலத்தில் பலமுறை அப்படிச் செய்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்ற துணிச்சலில் எழுதிவிட்டேன். வயதான ஒருவருக்குச் செய்யும் சமையலில் அந்தத் துணிச்சலுக்கு இடமில்லை. என் கடைசிப் பத்தியை யாரும் பின்பற்ற வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மீண்டும் செய்தேன். முந்தின இரவு சொஃப்ரித்தோவும் தக்காளிக் கூட்டும் செய்து ஆறவைத்து, குளிர்பெட்டியில் எடுத்து வைத்தேன். கோழித் தொடைகளை வேறு பாத்திரத்தில் மூடி, அடித்தட்டில் வைத்தேன். இந்த ஏற்பாட்டை அப்பாவிடம் விளக்கியபோது, ‘பகலெல்லாம் சும்மாதானே இருக்கிறேன், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவரே முன்வந்தார். நண்பகல் பன்னிரண்டரைக்குக் கூட்டைக் கொதிக்கவைத்து, கோழியின் மேல் ஊற்றி, ‘லோ’ நிலையில் போட்டிருக்கிறார். மூன்று மணிக்கு ரோஸ்மேரியை எடுத்ததையும், நாலரைக்குக் குடைமிளகாய் போட்டதையும் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

நான் வந்து வெப்பமானி வைத்துப் பார்த்தபோது 88 காட்டியது. மேலே மிதந்த கொழுப்பை எடுத்து, குழம்பை வாணலியில் சுண்டவைத்தேன். எட்டு நிமிடம் போதவில்லை, பன்னிரண்டு ஆயிற்று. இறைச்சி எலும்பை விட்டுக் கழன்றது, ஆனால் நாராகவில்லை. அரைத் தேக்கரண்டி உப்புதான் போட்டிருந்தேன், கடைசியில் சேர்த்த வினிகர் அந்தக் குறையைத் தெரியவிடவில்லை. பொலெந்தா மட்டும் எனக்குக் கட்டி தட்டிவிட்டது. அப்பாவோ, களி கிளறும் முறையே இதுவல்ல என்று சொல்லி, அடுத்த முறை தாமே கிளறுவதாகக் கூறியிருக்கிறார். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மிஞ்சிய இரண்டு துண்டுகளை ஆழமில்லாத பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். அவற்றை ஸ்லோ குக்கரிலேயே சூடாக்கலாமா?

பதில் 3 எழுதியவர்

வேண்டாம். குக்கர் மெதுவாகச் சூடேறுவதால், குளிர்ந்த உணவை அதில் மீண்டும் சூடாக்குவது பாதுகாப்பல்ல. வாணலியில் ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து, மூடி, நன்றாகக் கொதிக்கும்வரை சூடாக்குங்கள். நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.