மறு: இன்ஃபன்ட் இண்டஸ்ட்ரி – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். வெளிநாட்டுப் போட்டியைத் தாங்கும் அளவுக்கு இன்னும் வளராத புதிய உள்நாட்டுத் தொழிலைத்தான் பொருளாதாரத்தில் 'இன்ஃபன்ட் இண்டஸ்ட்ரி' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழை இது.

> 'குழந்தைத் தொழில் பாதுகாப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே, நேரடியாக இருக்கிறது.

நேரடிதான். ஆனால் "குழந்தைத் தொழிலுக்கு அரசு பாதுகாப்பு" என்று நாளிதழில் தலைப்பு வந்தால், தீப்பெட்டி ஆலையில் பிள்ளைகளை வேலைக்கு வைக்க அரசே துணைபோகிறது என்றுதான் படிப்பார்கள். 'மழலைத் தொழில்' எல்.கே.ஜி. வாசலில் கொண்டுபோய் விடுகிறது. 'புத்தொழில்' நல்ல சொல். ஆனால் தமிழ்நாடு அரசு அதை ஸ்டார்ட்அப்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. 'இளந்தொழில்' பரவாயில்லை. ஆனாலும் கருத்தின் பாதிதான் அதில் வருகிறது.

மீதிப் பாதி எது? 1791இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஹாமில்டன் கொடுத்த அறிக்கையும், 1841இல் ஜெர்மானியப் பொருளியலாளர் ஃபிரெடரிக் லிஸ்ட் எழுதியதும், புதிய தொழில் காலூன்றும் வரை இறக்குமதி வரியாலோ மானியத்தாலோ தாங்கிப்பிடி என்கின்றன. தடையற்ற வணிகத்தின் பக்கம் நின்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில்லே 1848இல் இதற்கு இடம் கொடுத்தார், தற்காலிகமாக மட்டும் என்ற நிபந்தனையோடு. அந்த 'வரை' சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

என் முன்மொழிவு: நாற்றுத்தொழில். நாற்றங்காலில் தண்ணீர் கட்டிக் காப்பதே பிறகு பறித்து வயலில் நடுவதற்குத்தான். நாள் தப்பி முற்றிய நாற்று நட்டாலும் சரியாகத் தூர் கட்டாது.

இரண்டு கார்களைப் பாருங்கள். தென்கொரியாவில் ஹூண்டாய் 1975இல் போனி காரைத் தயாரிக்கத் தொடங்கியது. ஜப்பானிலிருந்து கார் இறக்குவதற்கு அங்கே 1999 வரை தடை. ஆனால் அரசு மலிவுக் கடனை ஏற்றுமதியோடு முடிச்சுப் போட்டிருந்தது; வெளிச்சந்தையில் விற்றுக் காட்ட வேண்டும். 1986இல் அமெரிக்காவுக்குப் போனார்கள், 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. நம் அம்பாசடருக்கும் காப்பு இருந்தது. 1983இல் மாருதி வரும்வரை போட்டி என்று சொல்ல பத்மினி மாதிரி ஒன்றிரண்டுதான். காசைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள் மக்கள். வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது வண்டியை எதற்கு மாற்றுவது? 2014இல் அதைத் தயாரித்த உத்தர்பாரா ஆலை மூடும்வரை உருவம் பெரிதாக மாறவே இல்லை.

> நாற்று என்றாலே 'நிச்சயம் விளையும்' என்ற தொனி வருகிறது. கலைச்சொல் கட்சி சேரக்கூடாது.

நியாயமான கேள்வி. எந்த விதையைத் தூவுவது என்று அமைச்சருக்கு எப்படித் தெரியும் என்பதுதான் தடையற்ற வணிகக்காரர்களின் முதல் வாதமே. ஆனால் நாற்று பட்டுப்போவதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கெடுவை நினைவூட்டும் சொல் அவர்களுக்குத்தான் அதிகம் உதவும் என்பது என் கணக்கு.

கூட்டுச்சொற்கள்: நாற்றுத்தொழில் காப்பு, நாற்றுத்தொழில் வாதம். 'காப்பு வரி' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் 'பாதுகாப்பு' என்று நீட்ட வேண்டாம். சலுகை முடியும் தேதிக்கு 'நடவுக்கெடு' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அது கொஞ்சம் அதிகம், 'காப்புக்கெடு' போதும்.

அப்புறம், வெளிநாட்டுச் சரக்கை அடிமாட்டு விலைக்கு இங்கே கொண்டுவந்து விற்கும் டம்பிங்குக்கு வந்திருக்கும் 'குப்பைக்கொட்டல்' பற்றித் தனி இழையில் சண்டை போடலாம்.