மறுமொழி: வெந்நீர்த் தொட்டித் தடிப்புக்கு ஒரு தமிழ்ச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெந்நீர்த் தொட்டியில் (hot tub) உட்கார்ந்து எழுந்தபின் தோலில் எழும் பருக்களுக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்று சென்ற வாரம் நான் கேட்டதற்கு நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கையும் கடையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பதிலுக்கு முன், இந்தச் சொல் எனக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் மடலில் அதை எழுதாமல் விட்டது தவறு.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கார் ஓட்டுநர் ஒருவர் வந்து, அம்மை கண்ட குழந்தைக்குப் பூச காலமைன் கேட்டார். மகளுக்கு எட்டு வயது. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று, வீட்டில் தாளிப்பை நிறுத்தியாயிற்று, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. காய்ச்சல் உண்டா என்றேன், இல்லை என்றார். முகத்தில் எத்தனை என்றேன். ஒன்றுகூட இல்லை என்றார். அது எனக்கு உறுத்தியது.

மாலையில் குழந்தையை அழைத்து வந்தார்கள். தாயார் சட்டையைச் சற்றே தூக்கி முதுகைக் காட்டினார். சிவந்த சிறு பருக்கள், சிலவற்றின் நுனியில் கடுகளவு வெண்சீழ். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பூனைமயிர். நீச்சல் உடையின் எலாஸ்டிக் அழுத்திய இடுப்பைச் சுற்றி அடர்த்தி. தோளிலும் கழுத்திலும் தோல் சுத்தமாக இருந்தது. “எனக்கும் இருக்கிறது” என்று தகப்பனார் தம் இடுப்பைக் காட்டினார். அரைக்கால் சட்டையின் நாடா பட்ட இடத்தில் அதே வரிசை. ஞாயிற்றுக்கிழமை உறவினர் விசேஷத்துக்காகப் புதுச்சேரியில் ஒரு வாடகை பங்களாவுக்குப் போயிருக்கிறார்கள். அங்கிருந்த வெந்நீர்த் தொட்டியில் இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஈர உடையோடேயே சாப்பிட்டிருக்கிறார்கள்.

அம்மை முகத்தை விட்டுவிட்டு உடையின் விளிம்பைத் தேடிப் பிடிக்காது. தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டோடு கடைக்கு வந்த பாட்டி என்னிடம் கேட்டது இதுதான்: “அம்மை இல்லையென்றால், இதற்கு என்ன பெயர்?” என்னிடம் சொல் இல்லை. பெயர் சொல்ல முடியாத நோயை நம்பி வேப்பிலையை எடுக்க அவர் ஒப்பவில்லை. அந்த இரவுதான் உங்களுக்கு எழுதினேன்.

இனி, வந்த சொற்கள்.

திருச்சிப் பேராசிரியர் ஐயா தந்தது ‘வெந்நீர்த்தொட்டி மயிர்க்கால் அழற்சி’. இலக்கணமும் சரி, மருத்துவமும் சரி. மயிர்க்காலில் நுண்ணுயிர் புகுந்து அழற்சி உண்டாக்குவதுதான் இந்நோய். பாடநூலுக்கு இதையே வைத்துக்கொள்ளலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எட்டு வயதுக் குழந்தையின் பாட்டியிடம் இதைச் சொல்ல முடியாது. அந்த பங்களாச் சுவரில் மாட்ட நான் ஒரு எச்சரிக்கைப் பலகை எழுதி வருகிறேன்; குடும்பங்கள் படிக்கும் அந்தப் பலகையில் ‘மயிர்’ என்று எழுதினால் உரிமையாளரே அழித்துவிடுவார். நல்ல பழஞ்சொல் ஒன்று வசவாகிப் போனதில் எனக்கும் வருத்தம்தான். அதை மீட்கும் வேலையை இந்தப் பலகையின் தலையில் ஏற்ற வேண்டாம்.

‘ஜக்குஸிச் சொறி’ வேண்டவே வேண்டாம். ஜக்குஸி என்பது கலிபோர்னியாவில் குடியேறிய இத்தாலியக் குடும்பத்தின் பெயர், பின்பு இத்தகைய தொட்டிகளைச் செய்யும் அவர்களது நிறுவனத்தின் பெயர். ஒரு நிறுவனத்தின் பெயரை நோய்க்குச் சூட்டுவது முறையல்ல. அதைவிடப் பெரிய குறை ‘சொறி’யில் இருக்கிறது. சொறி என்றால் ஒட்டிக்கொள்ளும் என்பது நம் மக்களின் எண்ணம்; குழந்தையைத் தனிப்பாயில் படுக்கவைத்துவிடுவார்கள். இது பொதுவாக ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை. ஒரே தொட்டியில் இறங்கியவர்களுக்கு ஒரே சமயத்தில் வருகிறது, அவ்வளவுதான்.

‘சூட்டுக்கொப்புளம்’ என்பதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பலருக்கும் பிடித்திருக்கிறது என்று தெரிகிறது. நாவில் நன்றாக உருள்கிறது. ஆனால் நம் ஊரில் ‘சூடு’ என்ற சொல்லைக் கேட்டதும் கை தானாக இளநீருக்கும் வெந்தயத்துக்கும் நல்லெண்ணெய்க்கும் போகும். குற்றம் உடம்பின்மேல் விழுந்துவிடும். தொட்டி நீரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே நீரில் இன்னொரு குடும்பம் இறங்கும். நோய்க்குப் பெயர் வைப்பவர் காரணத்தைச் சுட்டாவிட்டாலும் பரவாயில்லை, தவறான காரணத்தைச் சுட்டக் கூடாது.

நான்காவதாக வந்த ‘வெந்நீர்க் குளியல் தடிப்பு’ம் எனக்கு இதே காரணத்தால் இடிக்கிறது. தமிழனுக்கு வெந்நீர் சுத்தமானது. பிள்ளை பெற்றவளுக்கும் நோயாளிக்கும் கொடுப்பது. அண்டாவில் காய்ச்சிய நீரை மொண்டு ஊற்றினால் அது சாக்கடைக்குப் போய்விடும், திரும்பி வராது. தொட்டி நீர் அப்படியல்ல. நேற்று உட்கார்ந்தவரின் வியர்வையோடு இன்றும் சுற்றிச் சுற்றி வருகிறது. ‘சூடாகத்தானே இருக்கிறது, கிருமி செத்திருக்கும்’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற இந்த நுண்ணுயிர் 42 பாகை செல்சியஸிலும் வளரும். தொட்டி நீரின் வெப்பம் 40 பாகையைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான பரிந்துரை. அதாவது நாம் சுகமாக உட்காரும் சூடு அதற்கும் சுகம்.

(இடையில் ஒன்று. ஏருஜினோசா என்ற பெயர் இலத்தீனில் செம்பின் பச்சைத் துருவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இந்த நுண்ணுயிர் நீலப்பச்சை நிறமி ஒன்றை உண்டாக்குகிறது. 1882-இல் பாரீஸில் கார்ல் ஜெசார் என்ற பிரெஞ்சு அறிஞர், காயக் கட்டுத்துணிகளில் படிந்த நீலப்பச்சைச் சீழிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார். புளிபோட்டுத் துலக்காத செம்புப் பாத்திரத்தில் பூக்கும் அந்தப் பச்சைக்கு நம்மிடம் ‘களிம்பு’ என்ற அருமையான சொல் இருக்கிறது. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வதும் இந்தச் செம்பிற் களிம்பைத்தான். ‘களிம்பு நுண்ணுயிர்’ என்று எழுத ஆசை வந்தது. ஆனால் இன்று களிம்பு என்றால் தோலில் பூசும் மருந்து. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே சொல்லா? ஆசையை விட்டுவிட்டேன். உயிரியல் பெயர் ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும்.)

என் முன்மொழிவு: ‘தொட்டிக்குரு’.

வேர்க்குருவை எல்லோரும் அறிவோம். வேர்வையால் உண்டான குரு. அதே அச்சில், தொட்டியால் உண்டான குரு. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘குரு’ தோலில் எழும் சிறு கட்டிக்கு நம் பழைய சொல். ஆசிரியரைக் குறிக்கும் குருவோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். வேர்க்குருவில் இதுவரை யாரும் குழம்பியதாக நான் கேட்டதில்லை. ‘தொட்டி’ என்றால் மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டி நினைவுக்கு வருமே என்று நெய்வேலி நண்பர் தனிமடலில் எழுதினார். வரட்டும். தேங்கிய நீர் என்ற எண்ணம் அதில் ஏறியே இருக்கிறது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

நேற்று அந்தப் பாட்டி வந்தபோது சொல்லிப் பார்த்தேன். “இது அம்மையில்லை பாட்டி, தொட்டிக்குரு.” உடனே கேட்டார்: “எந்தத் தொட்டி?” சூடு என்று சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

இதையொட்டி இரண்டு துணைச்சொற்களுக்கும் உங்கள் கருத்து வேண்டும். அந்த பங்களாவின் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் பேசினேன். நேர்மையான பையன். “குளோரின் வாடை தூக்குகிறதே அண்ணா, நீர் சுத்தமாகத்தான் இருக்கிறது” என்றான். அவன்மேல் தவறில்லை, அவனுக்கு யாரும் தமிழில் சொல்லிக் கொடுக்கவில்லை. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கட்டுண்டுபோன குளோரினின் வாடை. கிருமியைக் கொல்வது கட்டுப்படாமல் மீந்திருக்கும் குளோரின். முன்னதைக் ‘கட்டுண்ட குளோரின்’ என்றும் பின்னதைத் ‘தனிக் குளோரின்’ என்றும் சொல்லலாமா? ‘கட்டற்ற குளோரின்’ என்று சில நூல்களில் இருக்கிறது. இரண்டிலும் ‘கட்டு’ வருவதால் கேட்பவர் காதில் மாறிப்போகும் என்பது என் கவலை.

வெந்நீர்த் தொட்டியில் தனிக் குளோரின் லிட்டருக்கு குறைந்தது 3 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். நீச்சல் குளத்துக்கு 1 போதும். சூடும் காற்றுக் குமிழிகளும் குளோரினை விரைவில் தின்றுவிடுவதால்தான் இந்த வேறுபாடு. தம்பி மாலையில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டுவிட்டுப் போகிறான். காலையில் விருந்தினர் இறங்கும்போது எவ்வளவு மீந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. சோதனைப் பட்டையை நனைத்து நிறம் பார்ப்பது ஒரு நிமிட வேலை. காரஅமிலக் குறியெண்ணும் (pH) 7.0-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்க வேண்டும். அது ஏற ஏறக் குளோரின் இருந்தும் பயன்படாது.

இரண்டாவது துணைச்சொல் குழாயின் உட்புறம் படியும் படலத்துக்கு. ‘உயிர்ப்படலம்’ என்று அகராதிகளில் இருக்கிறது. நீர் பாயும் துளைக்குள் தம்பியை விரல் விட்டுப் பார்க்கச் சொன்னேன். விரலை எடுத்தவன் முகம் சுளித்து, “மீன் வழும்பு மாதிரி இருக்கிறது” என்றான். அவன் மீனவர் ஊரான தேவனாம்பட்டினத்துப் பையன். வேறெந்த உவமை வரும்? அந்த வழும்புக்குள் ஒளிந்திருக்கும் நுண்ணுயிரைக் குளோரின் எளிதில் எட்டாது. நீரை முழுக்க வடித்து, தேய்த்துக் கழுவி, வடிகட்டியையும் மாற்ற வேண்டும். ‘உயிர்ப்படலம்’ நூலில் இருக்கட்டும். பலகையில் ‘வழும்பு’ என்றே எழுதுகிறேன்.

பலகைக்கு எழுதியிருப்பது இது. திருத்தித் தாருங்கள்:

“தொட்டியில் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்கவும். வெளியே வந்ததும் ஈர உடையைக் கழற்றிவிட்டு மீண்டும் குளிக்கவும். தனிக் குளோரினைச் சோதித்த நேரமும் அளவும் கீழே எழுதப்பட்டுள்ளன; எழுதப்படாத நாளில் இறங்க வேண்டாம். ஓரிரு நாளில் உடை அழுத்திய இடத்தில் அரிப்புடன் பருக்கள் எழுந்தால் அது தொட்டிக்குருவாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாக ஆறும். காய்ச்சல் வந்தாலோ, நீரிழிவு முதலிய நோய் உள்ளவரானாலோ மருத்துவரிடம் செல்லவும்.”

கடையில் தாமாகவே ஸ்டீராய்டு கலந்த களிம்பு கேட்பவர்களைப் பற்றியும் ஒரு வரி சேர்க்க நினைத்தேன். பலகையில் இடமில்லை, அதை நான் கடையிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை மாலை பலகை எழுதுபவரிடம் கொடுக்க வேண்டும். ‘தொட்டிக்குரு’வுக்கு மறுப்பு உள்ளவர்கள் அதற்குள் எழுதுங்கள். ‘தனிக் குளோரின்’ குறித்துப் பேராசிரியர் ஐயாவின் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
மஞ்சக்குப்பம் மருந்துக்கடையிலிருந்து