பூஜை முடியும் முன் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

தேவிபட்டினத்தான்:
தை மாதம் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம். கிணறு உப்பு. குடிதண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்குத்தான் வாங்குகிறோம். மதுரைச் சொந்தங்கள் விடியலிலேயே வந்து, கடலுக்குள் நவக்கிரகக் கற்கள் நிற்கிற நவபாஷாணத்தில் முழுகிவிட்டு வீட்டுக்கு வருவார்கள். ஹோமம் முடியும்வரை யாருக்கும் தண்ணீர்கூடக் கிடையாது, நல்ல தண்ணீர் பூஜைக்கு மட்டும் என்கிறார் பெரியப்பா. சரியா?

சேதுக்கரை வாசி:
சரிதான். புண்யாகவாசனம் என்கிற சுத்தி மந்திரம் சொன்ன தண்ணீரை மாவிலையால் மூலைமுடுக்கெல்லாம் தெளித்த பிறகுதான் வீடு சுத்தம். அதற்கு முன்பே ஆளாளுக்கு டம்ளரை எச்சில் பண்ணிவைத்தால் எதற்குத் தெளிப்பது? ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தமும் உள்ளே 22 தீர்த்தமும் ஆடியவர்களையே ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடுவதில்லை.

பாம்பன் மருமகள்:
அண்ணே, சுத்தம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பூஜையில் சாமிக்குச் செய்கிற பதினாறு உபசாரத்தின் வரிசையைப் பாருங்கள். ஆவாஹனம், வா என்று அழைப்பது. ஆசனம், உட்காரவைப்பது. அடுத்தது பாத்யம், காலுக்குத் தண்ணீர். அப்புறம் கைக்கு அர்க்கியம், வாய்க்கு ஆசமனீயம். குளியல், வஸ்திரம், சந்தனம், நைவேத்தியம் எல்லாம் பிறகுதான். வீட்டுக்கு வந்த பெரியவருக்குச் செய்வதைத்தான் சாமிக்கும் செய்கிறோம். ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்து, உப்புக்காற்றில் நாக்கு வறண்டு நிற்கிற கிழவியை வாசலிலேயே விட்டுவிட்டு, உள்ளே சாமிக்கு உத்தரணிக் கரண்டியால் தண்ணீர் விட எனக்கு மனசு வராது.
கலசத்துக்குக் கிணற்றுத் தண்ணீரே போதும். கங்கை முதல் காவேரி வரை ஏழு நதியையும் அந்தச் செம்புக்குள் அழைக்கத்தானே மந்திரம்?

சேதுக்கரை வாசி:
அந்தத் தீர்த்தத்தைக் கையில் வாங்கிக் குடிக்கிறோமே, தங்கச்சி! கரிக்கிற தண்ணீரையா கொடுப்பது? நைவேத்தியப் பொங்கலை அதில் வைக்க முடியுமா?

பாம்பன் மருமகள்:
நியாயம். கலசத்துக்கும் அடுப்புக்கும் நல்ல தண்ணீரை முதலிலேயே மூடி எடுத்துவையுங்கள். வீடு கழுவ, கால் கழுவக் கிணறு இருக்கிறது. மிச்சக் குடங்கள் வாசல் பந்தலில், குடிப்பதற்கு. பக்கத்தில் ஒரு செம்பு. அண்ணாந்து குடித்தால் எச்சில் பேச்சே இல்லை.

சேதுக்கரை வாசி:
பந்தலோடு என்றால் தண்ணீர் கொடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். காபி, பலகாரம் கூடவே கூடாது. புது அடுப்பில் முதலில் பொங்குவது பால். அடுத்து நைவேத்தியம். அதற்கு முன் வேறு எதுவும் ஏறக் கூடாது.

பாம்பன் மருமகள்:
ஏற வேண்டாம். சர்க்கரைக்காரர்கள் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது. அவர்களுக்குப் பக்கத்து வீட்டு அடுப்பில் இட்லி அவியட்டும்.

தேவிபட்டினத்தான்:
பக்கத்து வீட்டு மதினியிடம் இன்றைக்கே சொல்லிவைக்கிறேன். பெரியப்பாவிடம் செம்பும் பந்தலும் வரைக்கும் பேசிப் பார்க்கிறேன்.