6 அடி 4 அங்குல உயரத்துக்கு ஹார்ட்டெயில்: எல் சைஸ் போதுமா? (அவசரம்)

வடவள்ளிவாசி | இரவு 8:12
வணக்கம். ஹார்ட்டெயில் எம்டிபி (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கற மலை சைக்கிள்) வாங்கப் போறேன். உயரம் 6 அடி 4 அங்குலம். கடையில 29 இன்ச் எல் சைஸ் ஒண்ணு ரெடியா இருக்கு, சீட்டை ஏத்தினா சரியாயிடும்ங்கறாங்க. எக்ஸ்எல் வேணும்னா ஆர்டர் போட்டு மூணு வாரம் காத்திருக்கணுமாம். நாளைக்குள்ள முன்பணம் கேக்கறாங்க. எல் எடுக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

மண்தடம் | 8:20
முன்பணம் கட்டாதீங்க. முதல்ல இதெல்லாம் சொல்லுங்க: இன்சீம் (கால் உள்பக்க நீளம்) எவ்வளவு, உடம்பு எடை எவ்வளவு, பட்ஜெட், எந்த மாடல், எங்க ஓட்டப் போறீங்க. தார் ரோடா, மண் ரோடா, மலை ஏத்தமா? உயரத்தை மட்டும் வெச்சு யாராலயும் சொல்ல முடியாதுங்க.

பெரியசக்கரம் | 8:26
29 இன்ச்ங்கறீங்களே, அப்புறம் என்ன கவலை? உயரமானவங்களுக்கு சக்கரம்தான் முதல் விஷயம். 27.5-ல ரிம் விட்டம் 584 மி.மீ., 29-ல 622. பெரிய சக்கரத்துல பாட்டம் பிராக்கெட் (பெடல் சுத்தற அச்சு) ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல நல்லா கீழ இறங்கி இருக்கும். சைக்கிள் மேல உக்காந்த மாதிரி இல்லாம, உள்ள உக்காந்த மாதிரி இருக்கும். எல்லோ எக்ஸ்எல்லோ, 29 எடுத்தா பாதி வேலை முடிஞ்சுது.

அளவுகோல் | 8:41
சக்கரத்துக்கும் சைஸுக்கும் சம்பந்தமில்லை. 29 இன்ச் எம்டிபி ஸ்மால் சைஸிலும் வருகிறது.

தம்பி, இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்திருக்கிறது என்று தேடிப் பார்த்திருந்தால் இந்நேரம் பதில் கிடைத்திருக்கும். எல், எக்ஸ்எல் என்பதெல்லாம் ஸ்டிக்கர். ஒரு கம்பெனியின் எல் இன்னொரு கம்பெனியின் எக்ஸ்எல்லை விடப் பெரிதாக இருக்கும். பார்க்க வேண்டியது ஜாமெட்ரி (ஃபிரேம் அளவு) அட்டவணையில் நாலு எண்கள்: ரீச் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து, ஹேண்டில் மாட்டும் முன் குழாயான ஹெட் டியூபின் உச்சி வரை கிடைமட்டத் தூரம்), ஸ்டேக் (அதே இரண்டுக்கும் இடையே செங்குத்து உயரம்), சீட் டியூப் (சீட் இறங்கும் ஃபிரேம் குழாய்) நீளம், சீட் டியூப் கோணம். இன்சீமும் எடையும் சொல்லாமல் சைஸ் கேட்பது, நோயைச் சொல்லாமல் மருந்துச் சீட்டு கேட்பது போல. அளந்துவிட்டு வாருங்கள்.

வடவள்ளிவாசி | 8:50
சாரி ண்ணா. இன்சீம் 34 இன்ச். பட்ஜெட் 60 ஆயிரம், கொஞ்சம் முன்ன பின்ன. வார நாள்ல ரோடு, ஞாயித்துக்கிழமை சிறுவாணி ரோட்டுப் பக்கம் மண் தடம். மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏறணும்னு ஆசை.

அளவுகோல் | 8:58
34 என்பது பேன்ட் அளவு. அது தையலில் தொடங்கிக் கணுக்காலில் முடிகிறது. சைக்கிளுக்கு வேண்டியது வேறு அளவு.

வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே 15 செ.மீ. இடைவெளி. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை முதுகுப்பட்டை மேலே இருக்கும்படி கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே தூக்குங்கள். புத்தகத்தின் இன்னொரு விளிம்பு சுவரில் படிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்து அளவு கெடும். தரையிலிருந்து முதுகுப்பட்டை வரை இன்னொருவர் அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுங்கள். அப்படியே எடையையும் சொல்லுங்கள்.

கம்பிகட்டு | 9:03
எடை ரொம்ப முக்கியம். ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைப் பிடிக்கற கவை) பின் ஹப்பும் (பின் சக்கரத்தோட நடு உருளை) அதைப் பொறுத்துதான். உயரத்தைவிட அதுலதான் காசு தண்டமாகும்.

வடவள்ளிவாசி | 9:31
மறுபடி அளந்தாச்சு. 92 செ.மீ. எடை 104 கிலோ.

அளவுகோல் | 9:55
இப்போது கணக்குப் போடலாம்.

92 × 0.883 = 81 செ.மீ. இது பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் டியூபை ஒட்டிய தூரம். பேன்ட் அளவை வைத்திருந்தால் 76 வந்திருக்கும், ஐந்து செ.மீ. குறைவு, முட்டி வலிக்கும்.

எல் சைஸில் சீட் டியூப் சுமார் 46 செ.மீ. என்று வைப்போம். 81-இல் 46 போக 35. சீட்டின் உயரம், கிளாம்பிலிருந்து, சுமார் 5. மிச்சம் 30 செ.மீ. போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) வெளியே தெரிய வேண்டும். கூட வருவது பெரும்பாலும் 350 மி.மீ. போஸ்ட். அதில் குறைந்தது 100 மி.மீ. குழாய்க்குள் இருக்க வேண்டும் என்று கோடு போட்டிருப்பார்கள். அதாவது 25 செ.மீ.தான் ஏற்றலாம். ஐந்து செ.மீ. போதாது. 'சீட்டை ஏத்தினா சரியாயிடும்' என்பது அந்தக் கோட்டையும் தாண்டி ஏற்றச் சொல்வது. அப்படி ஓட்டினால் டாப் டியூப் (ஃபிரேமின் மேல் குழாய்) சேரும் வெல்டிங்குக்குப் பக்கத்தில் சீட் டியூப் விரிசல் விடும். 104 கிலோவுக்குச் சீக்கிரமே விடும். வாரன்டியும் கிடையாது. கோட்டோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: போஸ்டின் அடிமுனை, டாப் டியூப் வெல்டிங்கின் கீழ் விளிம்பைத் தாண்டி இறங்கியிருக்க வேண்டும். இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு.

எக்ஸ்எல் சீட் டியூப் 51 என்றால் 25 செ.மீ. தெரியும். 350 போஸ்ட் விளிம்பில் நிற்கும். 400 மி.மீ. போஸ்ட் போட்டால் 15 செ.மீ. உள்ளே இருக்கும், நிம்மதி.

மண்தடம் | 10:10
போஸ்ட் மட்டும் பிரச்சினைன்னா எல்-லயே 400 போட்டுடலாம்னு கடையில சொல்லுவாங்க. அதுக்கும் பதில் வெச்சுக்கங்க. சீட்டு ஏறுது, ஹேண்டில் ஏறாது. சீட் டியூபை ஒட்டின 81 செ.மீ. நேர் உயரத்துல 77 சொச்சம் வரும். எல் ஃபிரேம்ல ஸ்டேக் 63, அதுக்கு மேல ஹெட்செட் மூடி, ஸ்பேசர் (இடை வளையம்), ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடிக்கற துண்டு) எல்லாம் சேர்த்தாலும் 70 தாண்டறது கஷ்டம். சீட்டை விட ஹேண்டில் ஏழு செ.மீ. கீழ. மண் ரோட்டுல எடை முழுக்க உள்ளங்கையில விழுந்து விரல் மரத்துப் போகும்.

ரீச் கம்மியா இருக்குன்னு 100, 110 மி.மீ. ஸ்டெம் மாட்டிக் குடுப்பாங்க. அதையும் ஒத்துக்காதீங்க. இறக்கத்துல உடம்பு முன் ஆக்ஸிலுக்கு மேல போயிடும், ஸ்டியரிங் மந்தமாயிடும். 60-ல இருந்து 80-க்குள்ள இருக்கட்டும். உங்க உயரத்துக்கு ரீச் 47-ல இருந்து 49 செ.மீ. தேடுங்க.

இன்னொரு விஷயம், ஸ்டெம்முக்குக் கீழ 1 செ.மீ. ஸ்பேசர் போட்டா ரீச்சுல கிட்டத்தட்ட 4 மி.மீ. குறையும், ஹெட் டியூப் சாஞ்சிருக்கறதால. அதனால ஸ்பேசரை அடுக்கறதை விட 30–40 மி.மீ. ரைஸ் இருக்கற ஹேண்டில் பார் நல்லது. ஃபோர்க் ஸ்டியரரை (ஹெட் டியூபுக்குள்ள போற ஃபோர்க் குழாயை) வெட்டக் கூடாதுன்னு ஆர்டர் போடும்போதே சொல்லிடுங்க. வெட்டினப்புறம் ஒட்ட முடியாது.

அளவுகோல் | 10:18
சீட் கோணத்தை விட்டுவிட்டீர்கள். அட்டவணையில் போட்டிருக்கும் 'எஃபெக்டிவ்' கோணம் ஸ்டேக் உயரத்தில் அளந்தது. குழாய் வளைந்திருந்தால் உண்மையான கோணம் இன்னும் படுத்திருக்கும். சீட்டை அந்த உயரத்துக்கு மேல் ஏற்ற ஏற்ற அது எண்ணில் காட்டியதை விடப் பின்னால் போகும். 81 செ.மீ.க்கு ஒரு டிகிரி வித்தியாசம் என்பது 1.4 செ.மீ. கோத்தகிரி ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்குவதற்கு இதுதான் காரணம். 74 டிகிரிக்குக் குறையாமல் பாருங்கள்.

நீள்கிராங்க் | 10:25
யாரும் கிராங்க் (பெடல் மாட்டற கை) நீளம் பத்திப் பேசலையே. 92 இன்சீமுக்கு 175 மி.மீ. கம்மி. 185 போட்டாதான் தொடை முழுசா வேலை செய்யும்.

கம்பிகட்டு | 10:34
எக்ஸ்எல்-ல கம்பெனியே 175 போட்டுத்தான் குடுக்குது, அது போதும். 185 நம்ம ஊர் கடைல கிடைக்காது. போட்டாலும் ஹார்ட்டெயில்ல பெடல் கல்லுல இடிக்கும்.

இப்ப எடை விஷயம். 104 கிலோ.

ஃபோர்க்: இந்த விலைல பாதி சைக்கிள்ல காயில் ஸ்பிரிங் ஃபோர்க், எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் மாதிரி. அந்த ஸ்பிரிங் நடுத்தர எடைக்குப் போட்டது. மேல இருக்கற பிரீலோட் திருகைத் திருகினா ஸ்பிரிங் கெட்டியாகாது. உக்காரும்போது எவ்வளவு அமுங்குதுங்கறது மட்டும்தான் மாறும். பள்ளத்துல கடைசி வரைக்கும் இறங்கி டங்குன்னு இடிக்கும். உங்களுக்கு காற்று ஃபோர்க்தான்: ஜூடி, ரெய்டான், எக்ஸ்சிஆர் ஏர் இந்த வரிசைல. ஷாக் பம்ப் தனியா வாங்கணும், கால் பம்ப் ஆகாது. ஃபோர்க் குழாய்ல ஒரு சின்ன ஜிப்-டை கட்டி, பை எல்லாம் மாட்டி மெதுவா ஏறி உக்காந்து, குலுக்காம இறங்குங்க. 100 மி.மீ. ஃபோர்க்குன்னா 20–25 மி.மீ. நகர்ந்திருக்கணும். அதிகமா நகர்ந்தா காத்து ஏத்துங்க.

பின் ஹப்: 7 கியர் சைக்கிள்ல பெரும்பாலும் மரை போட்ட ஃப்ரீவீல்தான் (ஹப் மேல திருகற பல்சக்கரக் கொத்து) வரும். அதுல வலது பக்க பேரிங் ரொம்ப உள்ள தள்ளி இருக்கும், ஆக்ஸிலோட வெளி நீளத்துக்குத் தாங்கல் கிடையாது. கனமான ஆளுக்கு ஆக்ஸில் வளையும், அப்புறம் ஒடியும். கேசட் (ஹப் மேல சொருகற பல்சக்கரக் கொத்து) ஹப்புல பேரிங் வெளிமுனைக்குப் பக்கத்துல இருக்கும். கண்டுபிடிக்கற வழி: பின் பல்சக்கரத்தைப் பின்பக்கமா சுத்துங்க. கருவி மாட்டற நடு வளையம் கூடவே சுத்தினா கேசட். அசையாம நின்னா ஃப்ரீவீல்.

சக்கரத்துல கம்பி 32-க்குக் குறையக் கூடாது. வாங்கி ஒரு மாசத்துல கம்பி இழுவை பார்த்துக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்க, புது வீல்ல கம்பி தளரும். டயர் 2.25-ன்னா டியூபோட பின்னாடி 34 பிஎஸ்ஐ, முன்னாடி 30-ல ஆரம்பிங்க.

வடவள்ளிவாசி | 10:40
கடையில இருக்கறது 7 கியர்தான்னு நினைக்கறேன். முன்னாடி மூணு. கோத்தகிரிக்கு அது நல்லதாச்சே?

ஒன்பை | 10:47
முன்னாடி மூணு பல்சக்கரம் எல்லாம் போன தலைமுறை. முன் டெரெய்லர் (செயினைத் தள்ளி மாத்தற கருவி), கூட ஒரு கேபிள், செயின் கழண்டு விழறது. முன்னாடி 32 பல் ஒண்ணே ஒண்ணு (ஒன்-பை), பின்னாடி 11–42 பல், முடிஞ்சுது கதை.

மலைப்பாதை | 10:58
யாருக்கு முடிஞ்சுது? 32-க்கு 42-ன்னா விகிதம் 0.76 (சின்னதா இருந்தா ஏத்தம் லேசு). மூணு பல்சக்கரத்துல 22-க்கு 34 போட்டா 0.65. அவரு 104, சைக்கிளும் பையும் சேர்த்து 120 கிலோ. ஏழு சதவீத ஏத்தத்துல நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா ஒன்-பைல 165 வாட் வேணும். சின்ன கியர்ல 140 போதும். மேட்டுப்பாளையம் – கோத்தகிரி 33 கிலோமீட்டர். அந்த 25 வாட் மணிக்கணக்கா எங்கிருந்து வரும்?

ஒன்பை | 11:04
60 சுத்து எதுக்கு? 50 மிதிச்சா ஆச்சு.

மலைப்பாதை | 11:07
புதுசா ஆரம்பிக்கறவருக்கு 50 சுத்துல முட்டி போயிடும். நீங்க சொல்றது பந்தயக்காரன் கணக்கு.

ஒன்பை | 11:15
செயின் ஏத்தத்துல கழண்டா கீழ இறங்கி மாட்டணும். அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. சின்னப் பல்லுக்கு மாத்தும்போதுதான் கழலும், அதுவும் மிதி அழுத்தம் இருக்கும்போது.

மண்தடம் | 11:21
ரெண்டு பேரும் சரிதாங்க. முன்னாடி 30 பல், பின்னாடி 11–46 போட்டா விகிதம் அதே 0.65. ஒன்-பையும் ஆச்சு, ஏத்தமும் ஆச்சு. மைக்ரோஷிஃப்ட் கம்பெனியோட அட்வென்ட் 9 கியர் செட்ல 46 வரைக்கும் கேசட் இருக்கு, சாதாரண கேசட் ஹப்புலயே மாட்டலாம். வாங்கும்போதே சைக்கிள்ல 9 கியர் கேசட் ஹப் இருக்கான்னு பாருங்க. அது இருந்தா பின்னாடி மாத்திக்கலாம்.

ஒன்பை | 11:26
நான் ஆரம்பத்துல இருந்தே ஒன்-பைதான் சொல்றேன்.

நெறியாளர் | 11:30
கியர் விவாதத்துக்குத் தனி இழை இருக்கு, அங்க போங்க. இங்க சைஸ் பத்தி மட்டும்.

கம்பிகட்டு | 11:38
ஏறறதைப் பத்தியே பேசறீங்க, இறங்கணுமே. 120 கிலோ கோத்தகிரில இருந்து இறங்கும்போது முன்னாடி 160 டிஸ்க் பத்தாது. ஃபோர்க் அனுமதிச்சா 180 டிஸ்க்கும் அடாப்டரும் போடுங்க. ஷிமானோ எம்டி200 பிரேக்கோட வர்ற டிஸ்க்குல 'ரெசின் பேட் மட்டும்'னு எழுதியிருக்கும். அதுல மெட்டல் பேட் போட்டா டிஸ்க் சீக்கிரம் தேஞ்சு போகும், ரெண்டையும் சேர்த்து மாத்தணும். இறங்கும்போது பிரேக்கை லேசாப் பிடிச்சுக்கிட்டே வராதீங்க. வளைவுக்கு முன்னாடி நல்லா அழுத்திப் பிடிச்சு, அப்புறம் முழுசா விடுங்க, டிஸ்க் ஆறணும்.

சிறுவாணிப் பக்கம் காப்புக்காட்டு எல்லைக்குள்ள அனுமதி இல்லாம இறங்காதீங்க. விடியறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் சைக்கிள் எடுக்கவே எடுக்காதீங்க, யானை நடமாட்டம்.

அளவுகோல் | 11:44
மாடல் பெயர் இன்னும் வரவில்லை. மார்லின், ராக்ஹாப்பர் போன்றவற்றில் டபுள் எக்ஸ்எல் வரை உண்டு. டேலன், டிரெயில் வரிசைகளில் எக்ஸ்எல் உண்டு. அட்டவணையைத் திறந்து ரீச், ஸ்டேக் எண்களை இங்கே போடுங்கள். ஹெட் டியூப் டேப்பரா (கீழே அகன்றதா) நேரா என்பதும் வேண்டும். நேர் குழாய் என்றால் பின்னால் ஃபோர்க் மாற்றும்போது தெரிவு குறைந்துவிடும்.

பெரியசக்கரம் | மறுநாள் காலை 7:15
என்ன ஆச்சுங்க? கட்டிட்டீங்களா?

மண்தடம் | மூன்று நாள் கழித்து
ஆளையே காணோம்.

வடவள்ளிவாசி | நான்கு வாரம் கழித்து
எல் எடுக்கல. வேற கடையில எக்ஸ்எல் ஆர்டர் போட்டேன், வந்துருச்சு. காற்று ஃபோர்க், 9 கியர் கேசட், ஸ்டியரர் வெட்டல. ரீச் 48. போஸ்ட் 350தான் வந்திருக்கு, கோடு சரியா விளிம்புல நிக்குது. 400 எந்த சைஸ் வாங்கறது? அவசரமா வெளிய போறேன், சாயங்காலம் பாக்கறேன். எல்லாருக்கும் நன்றி.

கம்பிகட்டு | அன்று
போஸ்டை உருவி அடியில பாருங்க, விட்டம் அச்சிட்டிருக்கும்: 27.2, 30.9, 31.6-ல ஒண்ணு. இல்லைன்னா வெர்னியர் வெச்சு அளங்க, டேப் வெச்சு அளந்தா 30.9-க்கும் 31.6-க்கும் வித்தியாசம் தெரியாது. அதே விட்டத்துல 400 வாங்குங்க. அலுமினியம் ஃபிரேம்னா குழாய்க்குள்ள லேசா கிரீஸ் தடவி இறக்குங்க, கிளாம்ப் மேல எழுதியிருக்கற டார்க் அளவுக்கு மேல இறுக்காதீங்க. புது போஸ்ட் வர்ற வரைக்கும் சீட்டை ரெண்டு செ.மீ. இறக்கி ரோட்டுல மட்டும் ஓட்டுங்க, மண் தடம் வேண்டாம்.