650 சொல்லுக்குள் கல்லூரிக் கட்டுரை: நம்ம பக்கத்துப் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

விண்ணப்ப ஆலோசகர், கே.கே. நகர்

அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் காமன் ஆப் (பல கல்லூரிகளுக்குப் பொதுவான ஆன்லைன் விண்ணப்பம்) வழியாக விண்ணப்பிக்கிற பிளஸ் டூ பிள்ளைகளின் கட்டுரை முதல் வரைவு பெரும்பாலும் 900 சொல்லைத் தாண்டித்தான் வருகிறது. வரம்பு 650, குறைந்தபட்சம் 250. இதற்கு இங்கிலீஷைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்னுரை, உள்தலைப்பு, முடிவுரை, பரீட்சையில் மேலே இரண்டு அடிஷனல் ஷீட் வாங்கி நூல் கட்டினால்தான் மார்க் என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம்.

எதை முதலில் வெட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். புரிகிறதா? அப்படியானால் முதல் பத்தி வேண்டாம், 80 முதல் 100 சொல் அங்கேயே மிச்சம். "இதனால் நான் கற்றது" என்று தொடங்கும் கடைசிப் பத்தியும் அநேகமாகப் போய்விடும். பிறகு சம்பவங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் ஒன்றை முழுசாகத் தூக்குங்கள், மூன்றையும் சமமாகச் சுருக்காதீர்கள்.

720 சொல் அளவுக்கு வந்த பிறகுதான் சொல் சொல்லாகச் சீவ வேண்டும். சீவினால் பத்தில் ஒரு பங்குதான் குறையும். 900-லேயே சீவத் தொடங்கினால் மாட்டின் பெயர், அப்பத்தா சொன்ன வார்த்தை மாதிரி விவரங்கள்தான் முதலில் போகும். யாரும் எழுதக்கூடிய பொது வாக்கியம் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

இங்கிலீஷ் டீச்சர், திருமங்கலம்

சார் சொன்ன சீவலுக்குக் கொஞ்சம் விவரம். "ட்யூ டு த ஃபேக்ட் தட்" ஐந்து சொல், "பிகாஸ்" ஒன்று. "ஐ வாஸ் ஏபிள் டு" நான்கு, "ஐ குட்" இரண்டு. "மை ஃபாதர், ஹூ இஸ் எ ஃபார்மர்" ஆறு, "மை ஃபார்மர் ஃபாதர்" மூன்று. "ஃப்ரம் மை சைல்ட்ஹுட் டேஸ் ஆன்வர்ட்ஸ்" நம்ம ஊர் வரைவுகளில் தவறாமல் வரும். யோசிக்காமல் அடித்துவிடலாம்.

ஆனால் "எ", "த" இரண்டிலும் கை வைக்காதீர்கள். தமிழில் அவை இல்லாததால் பிள்ளைகளுக்கு அவை வெட்டி பாரமாகத் தெரியும். முப்பது இடத்தில் எடுத்தால் முப்பது சொல் குறையும், முப்பது பிழை கூடும். இரண்டு சொல்லுக்கு நடுவே கோடு போட்டு ஒன்றாகக் காட்டுவதும் வேண்டாம். எண்ணும் மென்பொருளை ஏமாற்றலாம், படிக்கிறவரை முடியாது.

ஒரு பெற்றோர், மேலூர்

டீச்சர், பையன் 520-லேயே முடித்துவிட்டான். இன்னும் நிரப்பச் சொல்லவா?

இங்கிலீஷ் டீச்சர், திருமங்கலம்

வேண்டாங்க. சொல்ல வந்தது முடிந்துவிட்டால் 520 போதும். ஒருதடவை உரக்கப் படிக்கச் சொல்லுங்க. எங்கேயாவது "அப்புறம் என்னாச்சு?" என்று உங்களுக்கே கேட்கத் தோன்றினால் அந்த இடத்தில் மட்டும் இரண்டு வரி சேர்க்கட்டும்.

வெளிநாட்டில் படிக்கும் சீனியர், அலங்காநல்லூர்

ஜல்லிக்கட்டை எடுக்கிறவர்கள் கவனிக்க. 2014 தடை, 2017 மதுரை தமுக்கம் போராட்டம், 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று வரலாறு சொல்லிக்கொண்டே போனால் 200 சொல் காலி. காளைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிவைத்த பையன் இன்னும் கட்டுரைக்குள் வந்திருக்கவே மாட்டான். வாசிக்கிறவருக்கு "எங்கள் ஊரில் பொங்கலுக்கு ஓடும் காளையைப் பிடிப்பார்கள்" என்கிற அளவு போதும். கீழடி, அழகர் ஆற்றில் இறங்குவது, எல்லாவற்றுக்கும் அரை வரிதான் விளக்கம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தனிக் கணக்கு. எட்டுக் கேள்வியில் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். 650 சொல் கட்டுரையைப் பாதியாக நறுக்கி அங்கே ஒட்டுவது சரிவராது. கேட்டதற்கு முதல் இரண்டு வரியிலேயே பதில் வந்துவிட வேண்டும்.

பிரிட்டனுக்கு யூகாஸ் (அங்கே பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) என்றால் கட்டுரைக்குச் சொல் கணக்கே இல்லை, இடைவெளியும் சேர்த்து 4,000 எழுத்து. 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்வியாகப் பிரிந்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்து. பழைய சீனியர் கட்டுரையை மாதிரியாக வைத்துக்கொள்ளாதீர்கள், தம்பிகளா.

விண்ணப்ப ஆலோசகர், கே.கே. நகர்

பழைய மாதிரி என்றதும் இன்னொன்று. காமன் ஆப்பில் "கூடுதல் தகவல்" பெட்டி முன்பு 650 சொல். 2025-26 முதல் 300 ஆகிவிட்டது. கட்டுரையில் வெட்டியதைக் கொண்டுபோய் அங்கே கொட்டும் வழக்கம் இனி நடக்காது, நடந்தபோதும் நல்லதில்லை. ஸ்டேட் போர்டிலிருந்து சிபிஎஸ்இ மாறியது, நடுவில் படிப்பு நின்றது மாதிரி விஷயங்களுக்குத்தான் அந்த இடம்.

செயல்பாடுகள் பட்டியலில் (படிப்புக்கு வெளியே செய்தவை) ஒவ்வொன்றின் விவரத்துக்கு 150 எழுத்துதான், இடைவெளி உட்பட. "ஐ வாஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார்" ஆங்கிலத்தில் 21 எழுத்தைத் தின்றுவிடும். வினையிலேயே தொடங்கி எண்ணைச் சொல்லுங்கள்: எத்தனை பேர், எத்தனை மரக்கன்று, எந்தக் கண்மாய். "மெட்ரிகுலேஷன் ஹையர் செகண்டரி ஸ்கூல்" மட்டும் 37 எழுத்து. பள்ளிப் பெயருக்குத் தனியாக 100 எழுத்துப் பெட்டி இருக்கும்போது விவரத்தில் அதைத் திரும்ப எழுதாதீர்கள்.

வேர்டு ஒரு எண்ணிக்கை காட்டும், ஃபார்ம் வேறு காட்டலாம். ஃபார்ம் காட்டுவதுதான் கணக்கு. ஒட்டிய பிறகு கடைசி வரி முழுசாக இருக்கிறதா, பத்தி பிரிவு அப்படியே நிற்கிறதா என்று முன்தோற்றப் பிடிஎஃப்பில் பாருங்கள். கடைசி நாள் ராத்திரிக்கு இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.