பெக்டோராலிஸ் மைனர் கொரகாய்டில் நிற்காமல் ஓடுகிறது: முடிவிடம் பார்த்தவர்கள் உண்டா?

அனாட்டமி நண்பர்களே, ஒரு கடாவரின் (அறுத்துப் படிக்கும் சடலம்) வலது தோளில் பெக்டோராலிஸ் மைனரின் (மார்பின் சிறு தசை) தசைநாண், வழக்கம்போல் கொரகாய்டில் (தோள்பட்டை எலும்பின் கொக்கி போன்ற முனைப்பு) ஒட்டவே இல்லை. எலும்பின் மேற்பரப்பைத் தாண்டி, கொரகாய்டையும் அக்ரோமியனையும் (தோள் உச்சி எலும்பு) இணைக்கும் கொரகோ அக்ரோமியல் லிகமென்டின் இரு பட்டைகளுக்கு நடுவே நுழைந்து மூட்டுக் கேப்ஸ்யூல் பக்கம் போகிறது. அடியில் எலும்பில் லேசான பள்ளம், வழவழவென்று சிறு பர்சா (உராய்வைக் குறைக்கும் திரவப் பை).

கொரகாய்டிலிருந்து மேற்கை எலும்புக்குப் போகும் கொரகோஹ்யூமரல் லிகமென்ட்தானே என்று கேட்க வேண்டாம். அது கொரகாய்டின் அடிப்பகுதி வெளி ஓரத்தில் தொடங்குவது. இங்கே தசையை ஃபோர்செப்ஸால் இழுத்தால் நாண் எலும்பின் மேல் வழுக்குகிறது, தோளின் மேல்புறத் தசையான சுப்ராஸ்பினேட்டஸின் முன்விளிம்பும் கூடவே அசைகிறது.

முடிவிடம்தான் சிக்கல். கேப்ஸ்யூலோடு கலக்கிறதா, மேற்கை எலும்பின் பெரிய டியூபர்க்கிள் (புடைப்பு) வரை போகிறதா, கிளெனாய்டு லேப்ரத்திலா (தோள் குழியின் விளிம்பு வளையம்)? லிகமென்டை வெட்டினால் நாண் எதன் நடுவே போகிறது என்பதே அழிந்துவிடும். அக்ரோமியனை ரம்பத்தால் அறுத்து, லிகமென்டோடு சேர்த்துத் திருப்பினால் போதுமா? தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசையை முதலில் எவ்வளவு விலக்குவீர்கள்? இடது தோள் இன்னும் திறக்கவில்லை. அதற்குள் பதில் வந்தால் நல்லது.

லடார்ஜே (தோள் மூட்டு விலகாமலிருக்கக் கொரகாய்டை வெட்டி இடம் மாற்றும் அறுவை) செய்யும் ஆர்த்தோ டாக்டர்களிடமும் ஒன்று: உள் ஓரத்தில் மட்டும் மைனரை விடுவித்தால், மேலே ஓடும் இந்த நாண் கொரகாய்டு துண்டை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளாதா?