பொருள்: ஜனாதிபதியைப் பாராளுமன்றம் ______ (வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்)

*ஹட்டன்:*
அன்பின் அனைவருக்கும். இலங்கை உயர்தர வகுப்புக்கான அரசியல் விஞ்ஞானக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜனாதிபதி தலைமையிலான நிறைவேற்றுத்துறையைச் சட்டத்துறை, அதாவது பாராளுமன்றம், எவ்வளவு தூரம் ‘செக்’ பண்ண முடியும் என்ற பாடத்துக்குத் தலைப்பு அமையவில்லை. ஆங்கிலத்தில் ‘checks and balances’. பழைய குறிப்புகளில் ‘தடைகளும் சமன்பாடுகளும்’. “மிஸ், சமன்பாடு கணிதத்தில்தானே வரும்?” என்கிறார்கள் பிள்ளைகள். ஆங்கிலத்தையே தமிழெழுத்தில் போடலாமென்றால், முதற்சொல்லிலேயே வகுப்பு சிரித்துக் கலைந்துவிடும்.

*பண்டாரவளை:*
டீச்சர், ‘தடை’ கூடாது. தடை என்றால் முற்றாக நிறுத்துவது. 1978 அரசியல் யாப்பு பாராளுமன்றத்துக்கு அவ்வளவு பலம் கொடுக்கவில்லை. ஜனாதிபதியை நீக்க மூன்றில் இரண்டு பெரும்பான்மை, பிறகு உயர் நீதிமன்ற விசாரணை, பிறகு மறுபடியும் மூன்றில் இரண்டு. 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான பிரேரணை சபாநாயகரைத் தாண்டவே இல்லை. என் சொல் ‘இடிப்பு’. 448ஆம் குறளில் இடிப்பாரை, அதாவது கடிந்து சொல்பவரை, இல்லாத மன்னன் கெடுப்பவர் இல்லாமலே கெடுகிறான். இடிப்பு, இடிப்பாளர், இடிப்பதிகாரம் என்று கிளைக்கவும் செய்யும். இடு, இடை, இடுக்கு, இடர், இடறு எல்லாம் இதே வேர் என்று நினைக்கிறேன், நிரூபணமில்லை. இடையில் நின்று மறிப்பதே மூலப்பொருள் என்பது என் துணிபு. விரிவாகத் தனியே எழுதுகிறேன்.

*நுவரெலியா:*
தனியே எழுதுங்கள் சேர், அவசரமில்லை. “பாராளுமன்றம் ஜனாதிபதியை இடிக்கும்” என்றால் பஸ்ஸில் இடிப்பதுதான் ஞாபகம் வரும். ‘கண்காணிப்பு’ எல்லாருக்கும் விளங்குமே?

*கண்டி:*
கண்காணிப்பா? அதுவும் மலையகத்திலா? தம்பி, கண்காணிதான் கங்காணி, தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளரை மேற்பார்த்தவர். கங்காணி தோட்டத்துரையையா கண்காணித்தார்? துரைக்காக நம்மைக் கண்காணித்தார். 2010இல் 18ஆம் திருத்தத்துக்குக் கைதூக்கி, ஜனாதிபதிக்கு இரண்டு தவணை என்ற வரம்பையே எடுத்துவிட்ட பாராளுமன்றத்துக்கு அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தும். 2015இல் 19ஆம் திருத்தத்தால் வரம்பைத் திரும்பப் போட்டதும் அதே மன்றம். 2020இல் 20ஆம் திருத்தத்தால் மற்ற அதிகாரங்களை அள்ளிக் கொடுத்ததும் அதுதான். ஜனாதிபதியின் கட்சிக்கே பெரும்பான்மை இருந்தால் யார் யாரைப் பார்ப்பது?

*பண்டாரவளை:*
சோழர் கல்வெட்டுகளில் கண்காணி மதிப்பான பதவி. தோட்டத்துக்கு வந்துதான் சொல் கெட்டது.

*ஹட்டன்:*
கெட்ட பிறகு வந்த பிள்ளைகளுக்குத்தான் சேர் நான் படிப்பிக்கிறேன். வேறொரு சிக்கலும் உண்டு. பார்ப்பது வேறு, பிடித்து நிறுத்துவது வேறு. அவசரகாலப் பிரகடனத்தைப் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் 14 நாளில் அது செத்துப்போகும். அதைக் கண்காணிப்பு என்பதா? 2018ஐ எடுங்கள். ஜனாதிபதி சிறிசேன ஒக்டோபர் 26 பிரதமரை மாற்றினார், நவம்பர் 9 சபையைக் கலைத்தார். கலைப்பை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியதும் சபை கூடி, மிளகாய்த்தூள் வீச்சுக்கு நடுவிலும் புதிய பிரதமருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை நிறைவேற்றியது. ஜனாதிபதி அதை ஏற்கவில்லை. பிறகு பிரதமரின் செயலாளர் பணம் செலவழிக்க முடியாதபடி 123 வாக்குகளால் இன்னொரு பிரேரணை. டிசம்பர் 13இல்தான் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். நீதிமன்றம் இல்லாமல் சபையால் தனியே முடிந்திருக்குமா என்பதுதான் பாடத்தின் கேள்வியே. எனக்கு வேண்டியது கையால் பிடிக்கும் சொல்.

*நுவரெலியா:*
கடிவாளம்? பத்திரிகைக்காரர் எழுதுவதுதானே.

*கண்டி:*
பத்திரிகைக்குச் சரி, பரீட்சைக்குச் சரிவராது. ‘மறிப்பு’ பார்க்கலாமா?

*நுவரெலியா:*
மறியல் என்றால் இங்கே சிறை, தமிழ்நாட்டில் சாலையில் உட்காருவது. அக்கா, குழப்பம் இரட்டிப்பாகும்.

*பதுளை:*
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் சபையை நல்ல பிள்ளையாகவே வைத்துப் பேசுகிறீர்கள். 1948இல் ஜனாதிபதியே கிடையாது. நம் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தது பாராளுமன்றம். 1947 தேர்தலில் நம் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு பேரை அனுப்பியிருந்தது. அடுத்த தேர்தலுக்குள் வாக்காளர் இடாப்பிலிருந்தே நம் பெயர்களை எடுத்துவிட்டார்கள். சிறுபான்மையினரைக் காக்க அன்றைய சோல்பரி யாப்பில் 29ஆம் பிரிவு இருந்தது, அன்றைய மேன்முறையீட்டு மன்றமான லண்டன் கோமறைக் கழகம் (Privy Council) வரை போயும் 1953இல் தோற்றோம். அதனால் ஒரு பக்கமாக மட்டும் பாயும் சொல் எனக்கு வேண்டாம். ‘ஒன்றையொன்று தடுத்தல்’ என்று நீட்டியே எழுதுங்கள்.

*ஹட்டன்:*
அண்ணே, நியாயம். ஆனால் தலைப்பில் அவ்வளவு நீளம் போகாது. ‘தடுப்பும் சமநிலையும்’ என்று வைக்கவா?

*கண்டி:*
தடுப்புக்காவல் ஞாபகம் வருகிறது. இருந்தாலும் கிடந்துபோகட்டும், களைத்துவிட்டேன்.

*நுவரெலியா:*
எனக்கும் சரி.

*பதுளை:*
நான் உடன்படவில்லை. 1948ஐ உதாரணமாகச் சேர்த்தால் எதிர்க்கவும் மாட்டேன்.

*ஹட்டன்:*
சேர்க்கிறேன். நாளை காலை கோப்பு போகிறது. ‘இடிப்பு’ அடிக்குறிப்பில் வரும், சேர் கோபிக்கக் கூடாது.

*பண்டாரவளை:*
அடிக்குறிப்பு போதாது. மேலும் ‘சமம்’ வடசொல். ‘ஒப்புநிலை’ என்று திருத்துங்கள்.

*நுவரெலியா:*
‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்று வள்ளுவரே எழுதவில்லையா, சேர்?

*பண்டாரவளை:*
அந்தச் சமன் வேறு. இரவுக்குள் எழுதி அனுப்புகிறேன்.